ஆர்.சி. ஸ்கூல் யாருக்காகக் கட்டினது? நூற்றாண்டு மலருக்கு எழுதணும், உதவுங்க

மாதாகோயில்தெரு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பங்குல (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்க சபையைப் பங்குன்னு சொல்வோம்) இருக்கிற ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்க, தொடக்கப்பள்ளிக்கு இந்த வருஷத்தோட 100 வயசு. ஆகஸ்ட் 15 மாதா தேர் முடிஞ்ச மறு ஞாயிறு விழா. மலர்ல பள்ளி வரலாறு 4 பக்கம் நீ எழுதுன்னு ஃபாதர் என்கிட்ட ஒப்படைச்சுட்டார். நான் அங்க படிச்சவன், எங்க அம்மாவும் அங்கதான் படிச்சாங்க. சரின்னுட்டேன்.

போன வாரம் பங்குப் பேரவை, அதாவது சபைப் பிரதிநிதிகள் கூட்டத்துல பேச்சு சூடாயிடுச்சு. ஒரு தரப்பு சொல்லுது: "நம்ம சபைப் பிள்ளைங்க விசுவாசத்துல வளரணும்னு கட்டின பள்ளிக்கூடம் இது. இப்ப படிக்கிறதுல பெரும்பாலும் வேற பிள்ளைங்க. நம்ம பிள்ளைங்க வேன் ஏறி டவுனுக்குப் போகுது. தமிழ் மீடியத்தை மூடிட்டு அதே இடத்துல இங்கிலீஷ் மீடியம் கட்டுவோம், நம்ம பிள்ளைங்க திரும்பி வரும்." இன்னொரு தரப்பு: "கோயில் நமக்கு, பள்ளிக்கூடம் ஊருக்கு. அப்படித்தான் ஆரம்பிச்சாங்க." ரெண்டு பேருமே முன்னோர் நோக்கம் இதுதான்னு அடிச்சுச் சொல்றாங்க.

ஆபீஸ் ரூம் மர அலமாரியில முதல் சேர்க்கைப் பதிவேடு கிடைச்சிருக்கு. துணி பைண்டிங், முதுகுல நூல் பிரிஞ்சிருக்கு. மசி காபிப்பொடி நிறத்துக்கு வெளுத்துப் போச்சு. பேர், தகப்பன் பேர், தொழில், மதம், சாதி, சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, நீங்கிய காரணம்னு கட்டம் கட்டமா இருக்கு. இன்னும் முழுசாப் படிக்கலை.

பங்குப் பள்ளிங்கிறது எப்படி வந்தது, எந்த எண்ணத்துல நடந்தது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. புகழ்ச்சி வேண்டாம், அது மலர்ல ஏற்கனவே 20 பக்கம் இருக்கு.

-----

பழையஏடு எழுதியது:

தம்பி, நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரே விடை கிடையாது. வேறு வேறு காலத்தில் வேறு வேறு நோக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்றன் மேல் ஒன்றாக.

முதல் அடுக்கு, ஞானோபதேசம், அதாவது செபமும் மறைக்கல்வியும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு (தூத்துக்குடிப் பக்கக் கடற்கரை) வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டினார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணவைத்தார். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவருக்குப் பின் வந்த அண்டிரிக்கி அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறு புத்தகம். தமிழ் எழுத்தில் அச்சான அந்தப் புத்தகம் ஒரு ஞானோபதேசப் பாடம் என்பதை நினைவில் வையுங்கள். எழுத்துக்கும் கோயிலுக்கும் இங்கே முடிச்சு அப்போதே விழுந்துவிட்டது. ஆனால் அது இன்று நாம் சொல்லும் பள்ளிக்கூடம் இல்லை. கணக்கு இல்லை, பூகோளம் இல்லை.

இரண்டாவது அடுக்கு 19-ஆம் நூற்றாண்டு. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டதும் நம் பகுதி மிஷன்கள் தளர்ந்துபோயின. 1830-களின் கடைசியில்தான் அவர்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தார்கள். அதற்குள் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) மிஷன்கள் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். கத்தோலிக்கத் தரப்புக்கு அது பெரிய உறுத்தல். 1844-இல் ஆயர் பொன்னான் புதுச்சேரியில் ஒரு சினோது, அதாவது குருக்கள் மாமன்றம், கூட்டினார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவது, பள்ளிகளைப் பெருக்குவது, இரண்டும் அங்கே முதன்மையாகப் பேசப்பட்டன. அதே ஆண்டிலேயே துய்ப்புய் சுவாமிகள் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லிக்கொடுப்பதற்கென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்டு ஒரு கன்னியர் சபையைப் புதுச்சேரியில் தொடங்கினார். வீட்டை விட்டு வெளியே வந்து வாத்தியாராக நிற்கும் பெண்ணை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் மலரில் ஒரு பக்கம் முழுக்க அந்தச் சகோதரிகளுக்குக் கொடுக்கலாம்.

மூன்றாவது அடுக்கு சர்க்கார் மானியம். இதை யாரும் மலர்களில் எழுதுவதில்லை. 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைதான் தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவி என்ற ஏற்பாட்டுக்கு அடிப்படை. நீ எந்த மதத்துக்காரனாக இருந்தாலும் சரி, எழுத்தும் கணக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொடு, இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், மானியம் தருகிறோம். நீ நடத்தும் மதபோதனையில் இன்ஸ்பெக்டர் தலையிடமாட்டார் என்பது ஒப்பந்தம். உபதேசியார், அதாவது ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் கோயில் ஊழியர், திண்ணையில் நடத்திக்கொண்டிருந்த இடத்துக்குக் கரும்பலகை, ஹாஜர் பட்டியல், வகுப்புப் பிரிவு எல்லாம் அப்படித்தான் வந்தன. உங்கள் கையில் இருக்கும் பதிவேடே அந்த ஏற்பாட்டின் பிள்ளைதான். சாமியாருக்காக யாரும் தொழில், மதம், சாதி என்று கட்டம் போடவில்லை, சர்க்காருக்காகப் போட்டார்கள்.

ஆகவே உங்கள் பேரவையில் இரு தரப்பும் சொல்வது பாதி உண்மை. ஞானோபதேசத்தில் தொடங்கியதும் உண்மை, ஊருக்குத் திறந்ததும் உண்மை. திறந்த பிறகு அதை எப்படி நியாயப்படுத்தினார்கள் என்பதுதான் தத்துவம்.

-----

கடலோரத்தான் எழுதியது:

ஐயா சொன்ன உபதேசியாருல ஒருத்தர் எங்க தாத்தா. குமரி மாவட்டக் கடற்கரை. காலையில கோயில் மணி அடிப்பாரு, செபம் சொல்லிக்கொடுப்பாரு, அப்புறம் அதே கோயில் தாழ்வாரத்துல மணல் பரப்பி 'அ' எழுதவைப்பாரு. சாமியார் மாசத்துக்கு ஒரு தடவதான் பூசைக்கு வருவாரு, மத்த நாளெல்லாம் ஊருக்கு இவருதான். சம்பளம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. மடி வலையில மீன் விழுந்தா வீட்டுக்கு ஒரு பங்கு வந்துரும். மலர்ல உங்க ஊரு உபதேசியார் பேரையும் போடுங்க தம்பி. கட்டடம் கட்டின சாமியாருக்குக் கல்வெட்டு இருக்கும், இவங்களுக்கு இருக்காது.

-----

மேற்குமலை எழுதியது:

பக்கத்து மாநிலமான கேரளத்துக் கதை ஒன்று. எனக்குப் பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம். குரியாகோஸ் எலியாஸ் சாவறா அடிகள் (1805–1871), 2014-இல் புனிதர் பட்டம் பெற்றவர். 1846-இல் மான்னானத்தில் சமஸ்கிருதப் பள்ளி தொடங்கினார். சமஸ்கிருதம் யாருக்கு என்று கணக்கு இருந்த காலம் அது. 1860-களில் அவர் சிரியன் கத்தோலிக்கரின் விகார் ஜெனரலாக (ஆயருக்கு அடுத்த பொறுப்பு) இருந்தபோது எல்லாக் கோயிலுக்கும் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டியாக வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார்.

எனக்குப் பிடித்தது அதுகூட இல்லை, 'பிடியரி'. ஒவ்வொரு வீட்டிலும் உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அதில் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. பசித்த பிள்ளை படிக்காது என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இங்கே காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தது 1956-இல்.

மலையாளத்தில் கோயிலுக்குப் 'பள்ளி' என்றுதான் பெயர். அந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் கட்டிய கூடம் என்பதால்தான் 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லே வந்தது என்பார்கள்.

-----

பழையஏடு எழுதியது:

மேற்குமலை நண்பருக்கு: சாவறா அடிகள் பற்றிச் சொன்னது அருமை. சொல் விஷயத்தில் மட்டும் திருத்தம். 'பள்ளி' கிறிஸ்தவத்துக்கு வெகுகாலம் முந்தியது. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகையில் இருக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டிலேயே சமணத் துறவியின் உறைவிடத்துக்குப் 'பளி' என்று வருகிறது. துறவிகள் தங்கிய இடத்தில் ஊர்ப்பிள்ளைகள் படித்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு மலையாளத்தில் அந்தப் பெயர் தேவாலயத்துக்கும் மசூதிக்கும் போனது. வழிபடும் இடத்துப் பக்கத்தில் படிப்பு என்பது இந்த மண்ணில் கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்ததில்லை என்று மலரில் ஒரு வரி எழுதினால் பெருமை குறையாது.

-----

தெற்குச்சேரி எழுதியது:

எல்லாரும் நல்லா எழுதுறீங்க. நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்லணும்.

'ஊருக்கெல்லாம் திறந்த பள்ளிக்கூடம்'னு மலர்ல எழுதுறதுக்கு முன்னாடி, ஊருங்கிறது யாருன்னு கேளுங்க. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலைப் பற்றித் தெரிஞ்சிருக்கும். 1872-இல் ரெண்டு சிறகா கட்டினாங்க. பீடம் ஒண்ணு, ஆனா ஒரு சாதி ஒரு சிறகுல, மத்தவங்க இன்னொரு சிறகுல, நடுவுல சுவர். ஒரே பூசை, ஒரே அப்பம், ஆனா பக்கத்துல முழங்கால் போடக்கூடாது. 1910-இல் அந்தச் சுவரை இடிச்சதும் ஆதிக்க சாதிக்காரங்க கேஸ் போட்டாங்க, சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோத்தாங்க. கோயிலுக்குள்ளேயே இப்படின்னா, அதே பங்குல பள்ளிக்கூட பெஞ்ச் எப்படி இருந்திருக்கும்?

என் அனுபவம். ஊர் பேர் சொல்லலை. 1970-கள்ல நான் படிச்ச பங்குப் பள்ளியில தண்ணிப் பானை ஒண்ணுதான். ஆனா எங்க தெருப் பிள்ளைங்க கையைக் குவிச்சு நிக்கணும், இன்னொரு பையன் உயரத்துல இருந்து ஊத்துவான். முழங்கை வழியா வழிஞ்சு சட்டை நனையும். யாரும் இதைச் சட்டமா எழுதி வைக்கலை. வாத்தியாரும் ஞானஸ்நானம் வாங்கினவர்தான், ஊத்தின பையனும்தான், நானும்தான். புதுசா வந்த ஒரு சிஸ்டர் ரெண்டாம் நாளே அதைப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசலை. அவங்களே டம்ளரைப் பானையில முக்கி என் கையில கொடுத்தாங்க. நான் குடிச்சதும் அதே டம்ளரை மறுபடி முக்கி அவங்க குடிச்சாங்க. அப்புறம் வரிசையில அடுத்த பையன்கிட்ட கொடுத்தாங்க. ரெண்டு மூணு வீட்டுல இருந்து சண்டைக்கு வந்தாங்க, ஒரு வாரம் சில பிள்ளைங்க பள்ளிக்கு வரலை. சிஸ்டர் மாறலை. பிள்ளைங்கதான் திரும்பி வந்தாங்க.

பங்குப் பள்ளிக்குத் தத்துவம் என்னன்னு கேட்டா நான் அந்த டம்ளரைத்தான் சொல்வேன். ஆனா அந்த சிஸ்டர் வர்றதுக்கு முன்னாடி அங்க எத்தனையோ வருஷம் பூசை நடந்திருக்கு, ஞானோபதேசம் நடந்திருக்கு, பானையும் இருந்திருக்கு. அதையும் எழுதுங்க. அதை விட்டுட்டு எழுதுற வரலாறு எங்களுக்கு வேண்டாம்.

-----

மாதாகோயில்தெரு எழுதியது:

தெற்குச்சேரி அண்ணா, நேத்து ராத்திரி படிச்சேன், பதில் எழுத வரலை. காலையில பதிவேட்டை எடுத்து சாதிக் கட்டத்தைப் பார்த்தேன். முதல் ரெண்டு வருஷம் காலனிப் பிள்ளை ஒண்ணுகூட இல்லை. மூணாவது வருஷம் ஜூன்ல ஒரே நாள் தேதியில 7 பேர் சேர்ந்திருக்காங்க. அதே மாசம் வேற 5 பேருக்கு நீங்கிய தேதி போட்டிருக்கு. காரணம் கட்டத்துல ஒண்ணும் எழுதலை. 5 கட்டமும் காலி.

ஃபாதர்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இந்தப் பக்கத்தை மலர்ல போடு"ன்னார்.

-----

குருமடவாசல் எழுதியது:

நான் சில வருடம் குருமடத்தில் (சாமியார் ஆவதற்கான படிப்பு) படித்துவிட்டு வெளியே வந்தவன். இப்போது வக்கீல் தொழில். பேரவையில் 'நம் பள்ளி நம் பிள்ளைக்கு' என்று வாதிடுகிறவர்களுக்கு நீங்கள் காட்ட வேண்டியது திருச்சபையின் சொந்த எழுத்தைத்தான்.

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பிள்ளைக்கு முதல் ஆசான் பெற்றோர்தான், பள்ளி அவர்களுக்குத் துணை என்று தொடங்குகிறது. கத்தோலிக்கப் பள்ளியை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவது நற்செய்தியின் சுதந்திரமும் அன்பும் நிறைந்த சூழல் என்கிறது. பிறகு 9-ஆம் பத்தியில், பொருளில் ஏழைகள், குடும்பத்தின் அரவணைப்பு இல்லாதவர்கள், விசுவாசக் கொடை பெறாதவர்கள் ஆகியோர் மேல் தனி அக்கறை காட்ட வேண்டும் என்று ஆயர்களையும் விசுவாசிகளையும் கேட்டுக்கொள்கிறது. மூன்றாவது வகையைக் கவனியுங்கள். பிற சமயப் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் உட்கார்ந்திருப்பது தவறி நடந்த காரியம் இல்லை. சங்கம் கேட்ட காரியம்.

1977-இல் வத்திக்கானின் கல்வித் துறையான கல்விப் பேராயம் இன்னும் கறாராகச் சொன்னது: கத்தோலிக்கப் பள்ளி வசதி உள்ளவர்கள் பக்கமே சாய்ந்தால், அவர்களுடைய மேலான இடத்தைக் காப்பாற்றிக்கொடுக்கும் கருவியாகிவிடும். இங்கிலீஷ் மீடியம் கட்ட நினைப்பவர்கள் அந்தப் பத்தியை உரக்கப் படிக்க வேண்டும்.

திருச்சபைச் சட்டம் 803 எது கத்தோலிக்கப் பள்ளி என்று வரையறுக்கிறது. திருச்சபை அதிகாரத்தின் வழிநடத்துதல், கத்தோலிக்கக் கோட்பாட்டில் ஊன்றிய கல்வி, நல்ல போதனையும் நேர்மையான வாழ்வும் உள்ள ஆசிரியர்கள். மாணவரில் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்று அதில் எண்ணிக்கையே கிடையாது.

நாட்டுச் சட்டமும் இதே கோட்டில்தான். அரசியல் சட்டம் 30(1) சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையைக் கொடுக்கிறது. 28(3) அரசு உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனையில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் பங்குப் பள்ளி.

-----

ஆலமரத்தடி எழுதியது:

நான் இந்து. 1 முதல் 5 வரை ஆர்.சி. ஸ்கூல். குருமடவாசல் சார் சொன்ன 28(3) எங்களுக்கு எப்படி இருந்ததுன்னா: காலையில முதல் பீரியட் கிறிஸ்தவப் பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி, எங்களுக்கு வேப்பமரத்தடியில நீதிபோதனை. ஆத்திசூடி, திருக்குறள், அப்பப்போ ஒரு கதை. எங்க கூட்டம் சத்தமா இருக்கும்கிறதால அந்தப் பிள்ளைங்க ஜன்னல் வழியா எங்களையே பார்த்துக்கிட்டு இருக்கும்.

நான் மதம் மாறலை, மாறச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஆனா பரிட்சைக்கு முன்னாடி மாதா கெபியில (குகை மாதிரி கட்டின சின்னக் கோயில்) ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினது நிஜம். இன்னிக்கும் ஊருக்குப் போனா அங்க ஒரு நிமிஷம் நிப்பேன். என் பொண்ணு கேட்டா, இது எங்க ஸ்கூல் சாமின்னு சொல்வேன். பேரவையில 'வேற பிள்ளைங்க'ன்னு சொன்னாங்கன்னு படிச்சப்ப மனசு கஷ்டமா இருந்தது. நாங்க அங்க வேறயா இருந்ததா எனக்கு ஞாபகம் இல்லை.

-----

பண்ணைக்கடல் எழுதியது:

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கத்துக் கதையையும் கேளுங்கோ, உங்களுக்கு உதவும்.

இலங்கையில 1960-இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் சட்டம் போட்டுப் பொறுப்பெடுத்தது. அந்த வருஷம் டிசம்பர் 1-ஆம் திகதி கைமாறினது. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களில பாடசாலைக்குள்ளேயே போய் இருந்து போராடிச்சினம். பெரிய கல்லூரிகள் சில, யாழ் புனித பத்திரிசியார் கல்லூரி மாதிரி, கட்டணம் அறவிடாமல் தனியாய் நிண்டு சமாளிச்சது. சின்னப் பங்குப் பள்ளிக்கூடங்களுக்கு அந்தப் பலம் இல்லை, எல்லாம் அரசாங்கத்திட்டைப் போட்டுது.

இண்டைக்கும் எங்கட ஊர்களில அரசாங்கப் பாடசாலைப் பெயர்ப்பலகையில 'றோ.க.த.க. பாடசாலை' எண்டு பார்க்கலாம். றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை. பெயர் மட்டும் நிக்குது. பள்ளிக்கூடம் நல்லாத்தான் நடக்குது, அதில குறை இல்லை. ஆனால் சுவாமியார் சைக்கிளில வந்து, இந்தப் பிள்ளை ஏன் மூண்டு நாள் வரேல்லை எண்டு வீட்டுப் படலையைத் தட்டிக் கேட்ட காலம் போட்டுது. எங்களிட்டை இருந்து அரசாங்கம் எடுத்தது. நீங்கள் உங்கட கையாலேயே மூடப் போறியள் எண்டு கேக்க எனக்குத் தாங்கேல்லை.

-----

சாக்பீஸ் எழுதியது:

உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இப்போதைய நிலவரத்தைச் சொல்கிறேன், உணர்ச்சியோடு கணக்கும் வேண்டும் அல்லவா.

1. உங்கள் பள்ளி மானியத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1991-92-க்குப் பிறகு தொடங்கின பள்ளிகளுக்கு மானியம் கிடையாது. அதனால் மூடினால் போனது போனதுதான். சம்பளம் அரசு தருகிற அந்தப் பணியிடங்கள் இனி எந்தக் காலத்திலும் திரும்பக் கிடைக்காது.

2. தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். பிள்ளை குறைந்தால் உபரி என்பார்கள், பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். ஆகவே ஆட்கள் குறைகிறார்கள் என்று பேரவை சும்மா இருந்தாலே பள்ளி தானாகத் தேய்ந்துவிடும். மூடத் தீர்மானம் போட வேண்டியதே இல்லை.

3. உதவிபெறும் பள்ளிப் பிள்ளை நடுவில் மாட்டிக்கொண்டது என்பது உண்மை. 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்கு மட்டும். அதே தெரு, அதே ஏழ்மை, ஆனால் நம் பிள்ளைக்கு இல்லை. இதைச் சொல்லியே பெற்றோர் டி.சி. கேட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

4. ஆனால் காற்று கொஞ்சம் மாறுகிறது. காலை உணவுத் திட்டத்தை ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கியது 2024 ஜூலை 15, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில். அது ஒரு புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26, மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில் தொடங்கினார்கள். புதுமைப்பெண் உதவித்தொகையும் தமிழ்வழி உதவிபெறும் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் மாணவியருக்கு 2024 கடைசியில் வந்துவிட்டது. மேற்குமலை சொன்ன பிடியரியைப் படித்தபோது எங்கள் பள்ளியில் காலை 8 மணிக்கு உப்புமா வாசம் வருவது ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் மயங்கி விழுவதில்லை. இரண்டு வருடம் முன்பு வரை வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது விழும்.

-----

வேன்ஸ்டாப் எழுதியது:

எதிர்ப்பக்கமும் ஒருத்தர் பேசணும், நான் பேசுறேன். நான் பெயிண்டர். எங்க பங்குலயும் ஆர்.சி. ஸ்கூல் இருக்கு, ஆனா என் ரெண்டு பிள்ளைங்களும் டவுன் இங்கிலீஷ் மீடியத்துக்கு வேன்ல போகுதுங்க. வருமானத்துல பாதி ஃபீஸுக்கும் வேனுக்கும் போகுது. நான் பணக்காரன் இல்லை, பெருமைக்கும் அனுப்பலை. வேலை எடுக்குற வீட்டுல என்ஜினியர் இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை கேட்டா நான் முழிக்கிறேன், என் பிள்ளை முழிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

1977-ல வத்திக்கான் சொன்னது சரி. ஆனா அந்தப் பள்ளியில ரெண்டு வாத்தியார் அஞ்சு வகுப்பை ஒரே ஹால்ல நடத்துறதை நான் பார்த்தேன். ஏழைப் பிள்ளைக்காக நடத்துறோம்னு சொன்னா, ஏழைப் பிள்ளைக்கு நல்லதைக் கொடுங்க. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளைப் பங்கு சம்பளத்துல போடுங்க. நான் நாளைக்கே கொண்டுவந்து சேர்க்கிறேன்.

-----

சாக்பீஸ் எழுதியது:

வேன்ஸ்டாப் அண்ணா, நீங்கள் கேட்டது நியாயம். நான் அதை மறுக்கமாட்டேன். எங்கள் பங்கில் அதைத்தான் செய்தோம். தேர்த் திருவிழாவில் வாண வேடிக்கைச் செலவைப் பாதியாகக் குறைத்து, அந்தப் பணத்தில் ஒரு டீச்சரைப் போட்டோம். பேச்சு ஆங்கிலம், 3-ஆம் வகுப்பிலிருந்து. தமிழ் மீடியத்தைத் தொடவில்லை. வேன் ஏறிய பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தார்கள். எல்லாரும் வரவில்லை.

-----

குருமடவாசல் எழுதியது:

இந்த ஒரு யோசனையை மட்டும் பேரவையில் வைத்தால் போதும் தம்பி. நிர்வாகம் பற்றி ஒரு குறிப்பு: பங்குத்தந்தை தாளாளர்தான், ஆனால் பள்ளி பேரவையின் சொத்து இல்லை. பெரும்பாலும் மறைமாவட்டம்தான் நடத்தும் அமைப்பு, பள்ளிகளுக்கென்று ஆயர் நியமித்த கண்காணிப்பாளர் இருப்பார். மூடுகிற தீர்மானமெல்லாம் அங்கே போயாக வேண்டும். அவரை விழாவுக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

-----

மாதாகோயில்தெரு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாளா பதிவேட்டை முழுசா உட்கார்ந்து படிச்சேன்.

தொழில் கட்டம்: பண்ணையாள், கொத்தன், வண்டிக்காரன், பண்ணையாள், பண்ணையாள், வண்ணான், மணியகாரன், பண்ணையாள். மதம்: பாதிக்கு மேல இந்து, முதல் வருஷத்துலயே. துலுக்கத் தெருப் பையன் ஒருத்தன் நாலாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கான். பெண்பிள்ளைங்க ரெண்டு பக்கத்துக்கு ஒண்ணு. ஆக ஆரம்பிச்ச அன்னிக்கே இது நம்ம சபைக்கு மட்டும் இல்லை. அதே சமயம், ஊருக்கெல்லாம் ஆனது மூணாவது வருஷ ஜூன்லதான்.

நீங்கிய காரணம் கட்டம்தான் என்னைப் பிடிச்சு வச்சிருக்கு. 'மாடு மேய்க்க.' 'தாய் மரணம்.' 'குடும்பத்துடன் ரங்கூன்.' 'மாடு மேய்க்க.' 'கலியாணம்', அந்தப் பிள்ளைக்கு வயசு 10. சில இடத்துல காரணத்துக்குக் கீழ வேற மசியில 'திரும்பச் சேர்ந்தான்'னு எழுதி தேதி போட்டிருக்கு. ஒரே கையெழுத்து, 'ன்'ல வால் நீளமா இழுத்திருக்கும். அந்த வாத்தியார் வீடு வீடாப் போய்க் கூட்டிட்டு வந்திருக்கணும். 11 இடத்துல எண்ணினேன். அம்மாகிட்ட கேட்டேன், உபதேசியாரும் அவரேதானாம்.

4 பக்கத்துல முதல் பக்கம் இந்தக் கட்டங்கள், ரெண்டாவது அந்த ஜூன் மாசம், மூணாவது சிஸ்டர்மார். நாலாவதுல சாக்பீஸ் அக்கா சொன்ன டீச்சர் யோசனையை எழுதி, பேரவை என்ன முடிவு பண்ணுதோ அதை அப்படியே போடுறதுன்னு ஃபாதர் சொல்லியிருக்கார். கூட்டம் வர்ற ஞாயிறு.

ஒரு சந்தேகம் பாக்கி. சாதிக் கட்டம் தெரியுற மாதிரி போட்டோ போடலாமா? பேரப்பிள்ளைங்க ஊர்ல இருக்காங்க.

-----

தெற்குச்சேரி எழுதியது:

பேரை மறைச்சுடுங்க தம்பி, தேதியை மறைக்காதீங்க. சேர்ந்த 7, நீங்கின 5, காலிக் கட்டம். அது போதும். ஊர்க்காரங்களுக்குப் புரியும்.

-----

பழையஏடு எழுதியது:

படம் எடுக்கும்போது பதிவேட்டை முழுசாக விரித்து அழுத்தாதீர்கள், பிரிந்த முதுகு முறிந்துவிடும். இருபக்கமும் துணியைச் சுருட்டி முட்டுக்கொடுங்கள். லேமினேஷன் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், செல்லோ டேப்பும் வேண்டாம். காட்டன் துணியில் சுற்றி, தரையில் படாத தட்டில் வையுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் அலமாரியின் பின்பலகையில் கரையான் இருக்கிறதா பாருங்கள்.

-----

மாதாகோயில்தெரு எழுதியது:

இருக்கு ஐயா. இப்பத்தான் பார்த்தேன். பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். அம்மா பழைய சேலையில சுத்தி வச்சிருக்காங்க. அவங்க பேர் இருக்கிற பதிவேடு வேற, அதையும் தேடணும்னு இப்ப கிளம்பிட்டாங்க.